மூளையும் மூலநிரலும்

கொச்சி நகரில் வாழும் தமிழருள் வைட்டிலாச் சந்திப்பை அறியாதார் இரார். தெற்கே குண்டன்னூர், வடக்கே பாலாரிவட்டம், மேற்கே கடவந்திரை, கிழக்கே திருப்பூணித்துறை எனத் திசைக்கொன்றாக வரும் சாலைகள் அங்கே கூடுகின்றன. மக்கள் மொபிலிட்டி ஹப் என்று வழங்கும் பெரிய பேருந்து நிலையம் 2011-ல் அங்கே திறக்கப்பட்டது. ஊருக்குப் போகும் இரவுப் பேருந்துக்காகப் பெட்டியும் கையுமாகக் காத்து நிற்கும் நம்மவர் முகங்களை அங்கே என்றும் காணலாம்.

2021 ஜனவரியில் மேம்பாலம் திறக்கப்படுவதற்கு முன்பு, அச்சந்திப்பைக் கடப்பது பொறுமைக்கு ஒரு சோதனையாக இருந்தது. விளக்குகள் கடிகாரக் கணக்கில் எரியும். வண்டியே இல்லாத சாலைக்குப் பச்சை. வண்டிகள் தேங்கி நிற்கும் சாலைக்குச் சிவப்பு. பொறுக்கமாட்டாத வேளைகளில் போக்குவரத்துக் காவலர் விளக்கை அணைத்துவிட்டு நடுவில் வந்து நிற்பார். எந்தச் சாலையில் நெருக்கம் என்று கண்ணால் பார்ப்பார். அதற்கேற்பக் கையை உயர்த்துவார். தேங்கிய வண்டிகள் மெல்ல நகரும். கடிகாரத்தின் கணக்கு ஒன்று. கண்டு நடத்தும் கணக்கு மற்றொன்று. இவ்வேறுபாட்டை நேயர்கள் மனத்தில் இருத்திக்கொள்ள வேண்டுகிறோம். இன்று நாம் பேசவிருக்கும் பொருளுக்கு அதுவே வாயில்.

வைட்டிலாவில் நமக்கு நெருங்கிய அன்பர் ஒருவர் உண்டு. திருநெல்வேலிச் சீமையிலிருந்து பதினான்கு வயதில் மட்டாஞ்சேரிக்கு வந்து, மிளகும் சுக்கும் ஏலமும் நிறையும் பண்டகசாலை ஒன்றில் எடைபோடும் பையனாக வாழ்வைத் தொடங்கியவர். பிற்காலத்தில் வைட்டிலாவில் சொந்தமாகப் பலசரக்குக் கடை வைத்தார். அக்கம்பக்கத்துத் தமிழர் அனைவருக்கும் அவர் அண்ணாச்சி; நமக்கும் அப்படியே. அவருடைய வலக்கை சில ஆண்டுகளுக்கு முன் நடுங்கத் தொடங்கிற்று. பொட்டலம் கட்டும் கை நூலைப் பிடிக்க மறுத்தது. பிறகு நடையும் தடுமாறிற்று. மருத்துவர்கள் பார்க்கின்சன் நோய் என்றார்கள். நம் நாட்டு வைத்தியர்கள் நடுக்குவாதம் என்பார்கள். மருந்து சில ஆண்டுகள் கைகொடுத்தது. பின்னர் மருந்தின் பலன் விட்டுவிட்டு வரலாயிற்று. முடிவில், மூளையின் ஆழத்தில் மெல்லிய மின்கம்பிகளை இறக்கி, தோளெலும்பின் கீழே தோலுக்கடியில் சிறு மின்கருவி ஒன்றைப் பதிக்கும் அறுவை மருத்துவம் அவருக்கு நடந்தது.

அதன் பிறகு ஒருநாள் அண்ணாச்சி நம்மிடம் கேட்டார்: “தம்பி, டாக்டர் கையிலே ஒரு பலகையை வைத்துக்கொண்டு ஏதோ எண்ணை மாற்றுகிறார், என் கை நின்றுவிடுகிறது. இன்னோர் எண்ணை மாற்றினால் நாக்குக் குழறுகிறது. அந்தக் கணக்கை எழுதியவர் யார்? வேறொருவர் அதைப் படித்துப் பார்க்க முடியுமா? மட்டாஞ்சேரியில் தராசை எந்த வியாபாரியும் திரைக்குப் பின்னால் தொங்கவிடுவதில்லை. என் தலைக்குள்ளே இருக்கிற தராசு மட்டும் ஏன் எனக்குத் தெரியாமல் தொங்க வேண்டும்?”

அவ்வினாவுக்கு அன்று நம்மால் விடைசொல்ல இயலவில்லை. கலைப்பிரிவில் பட்டம் பெற்று, மைய அரசு அலுவலகத்தில் மொழிபெயர்ப்பால் காலங்கழிக்கும் நமக்கு மின்னியலும் நரம்பியலும் தூரத்துச் சுற்றமே. ஆயினும் விடையைத் தேடிப் படித்தோம். அத்தேட்டத்தின் பயனே இவ்வுரை.

மூளை மின்சாரத்தால் பேசுகிறது என்பது புதிய செய்தியன்று. ஜெர்மனியில் யேனா நகரத்து மருத்துவரான ஹான்ஸ் பெர்கர், 1924-ல் மனிதத் தலையிலிருந்து எழும் மின்னலைகளை முதன்முதலாகப் பதிவு செய்தார். ஐந்தாண்டு ஐயுற்று ஆராய்ந்தபின் 1929-ல் அதனை வெளியிட்டார். தலையின் மேற்றோலில் கிடைக்கும் அந்த மின்னழுத்தம், ஒரு வோல்ட்டை லட்சம் பங்காக்கினால் அதில் ஒன்றோ சிலவோ ஆகும். கண் இமைத்தாலும் பல்லைக் கடித்தாலும் எழும் மின்னோசை அதனை மூழ்கடித்துவிடும். திருவிழாக் கூட்டத்தில் ஒரு குழந்தை மெல்ல அழைக்கும் குரலைப் பிரித்தறிவது போன்ற வேலை அது.

அக்குரலைப் பிரித்தறிந்து கருவி ஒன்றை இயக்க முடியுமா என்ற கேள்வியை 1973-ல் கலிபோர்னியாப் பல்கலைக்கழகத்தின் லாஸ் ஏஞ்சலஸ் வளாகத்தைச் சேர்ந்த ழாக் விடால் எழுப்பினார். மூளைக்கும் கணிப்பொறிக்கும் இடையே நேரான தொடர்பு என்ற கருத்துக்குப் பெயர் சூட்டியவரும் அவரே. 1988-ல் அமெரிக்காவின் இல்லினாய் மாநிலத்தில் பணியாற்றிய ஃபார்வெல், டான்சின் என்னும் இருவர் அதனை எழுத்துக்குக் கொண்டுவந்தனர். திரையில் 6 வரிசையும் 6 நிரலுமாக 36 கட்டங்கள். அவற்றில் ஆங்கில எழுத்துகளும் பிற குறிகளும். வரிசைகளும் நிரல்களும் மாறிமாறி ஒளிரும். நோயாளர் தாம் விரும்பும் எழுத்தையே மனத்தில் குறித்துப் பார்த்திருப்பார். அவ்வெழுத்து ஒளிர்ந்து ஒரு நொடியில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு கழிவதற்குள், ‘இதுதான்’ என்று சொல்வதுபோல் மூளையில் ஓர் அலை எழும். எந்த வரிசைக்கும் எந்த நிரலுக்கும் அவ்வலை எழுந்தது என்று கணித்தால், எழுத்து கிடைத்துவிடும். கையும் வாயும் அடங்கிப்போனவர், அறிவு மட்டும் விழித்திருப்பவர், இவ்வாறு எழுத்துக்கூட்டித் தம் மனத்தைத் திறக்கலாம்.

எண்ணம் எளிது, கருவி அரிது. ஒவ்வோர் ஆய்வகமும் தனக்கெனத் தனித்தனியே மென்பொருளை எழுதிக்கொண்டிருந்தது. ஓர் ஊரில் கண்டதை மற்றோர் ஊரில் சரிபார்க்க இயலவில்லை. எழுதிய மாணவர் பட்டம் பெற்றுப் போய்விட்டால் மென்பொருளும் அவரோடு போயிற்று. இந்நிலையில், 2000-ஆம் ஆண்டில், நியூயார்க் மாநிலச் சுகாதாரத் துறையின் ஆல்பனி நகரத்து வாட்ஸ்வொர்த் மையத்தில் கெர்வின் ஷால்க், ஜானதன் வோல்பா முதலியோர் பொதுவான மென்பொருள் ஒன்றை அமைக்கத் தொடங்கினர். பி.சி.ஐ. 2000 என்பது அதன் பெயர். 2004-ல் அதனை விளக்கும் கட்டுரை வெளிவந்தது.

அதன் அமைப்பை ஒரு வானொலி நிலையத்துக்கு ஒப்பிடலாம். குரலை வாங்கும் ஒலிவாங்கி ஒன்று. ஓசையைத் திருத்திப் பிரிக்கும் பகுதி ஒன்று. கேட்பவர் காதில் விழும் ஒலிபெருக்கி ஒன்று. இவையனைத்தையும் நடத்தும் கட்டுப்பாட்டு அறை ஒன்று. அவ்வாறே பி.சி.ஐ. 2000-லும் பகுதிகள் நான்கு. மூளையலையை வாங்குவது ஒன்று. அதில் பொருளைத் தேடுவது ஒன்று. கிடைத்த பொருளைத் திரையிலோ கருவியிலோ செயலாக்குவது ஒன்று. ஆய்வாளர் அனைத்தையும் இயக்குவது ஒன்று. ஒலிவாங்கியை மாற்றினால் நிலையத்தையே இடிக்க வேண்டுவதில்லை அன்றோ? அதுபோல ஒரு பகுதியை மாற்றினாலும் மற்றவை நிலைத்திருக்கும். பிரான்சு நாட்டு இன்ரியா என்னும் அரசு ஆய்வு நிறுவனம் ஓப்பன்வைப் என்ற மென்பொருளை இவ்வழியிலேயே உலகுக்கு அளித்தது. வெவ்வேறு கருவிகளின் கடிகாரங்களை ஒத்திசைக்கும் லேப் ஸ்ட்ரீமிங் லேயர் என்ற மென்பொருள், கலிபோர்னியாவின் சான் டியேகோ நகரில் உருவாகிப் பொதுவுடைமையாயிற்று.

பொதுவுடைமை என்றோம். அதன் பொருளைச் சற்று விளக்குவது கடன். கணிப்பொறிக்கு மனிதர் எழுதும் கட்டளைகளின் தொகுப்பே மூலநிரல். விற்கப்படும் மென்பொருளில் பெரும்பாலும் மூலநிரல் கிடைப்பதில்லை. கணிப்பொறி மட்டுமே புரிந்துகொள்ளும் வடிவமே கைக்கு வரும். சமைத்த குழம்பு கிடைக்கும், செய்முறை கிடைக்காது. திறந்த மூலநிரல், கட்டற்ற மென்பொருள் என்றெல்லாம் வழங்கப்படுபவற்றில் செய்முறையும் உடன்வரும். எவரும் அதனைப் படிக்கலாம். பிழை கண்டால் திருத்தலாம். தம் தேவைக்கு மாற்றலாம். மாற்றியதைப் பிறர்க்கும் வழங்கலாம்.

இனி அண்ணாச்சியின் கருவிக்கு வருவோம். ஆழ்மூளைத் தூண்டல் என்னும் இம்மருத்துவத்தின் இக்கால வடிவத்தை 1987-ல் பிரான்சின் கிரனோபிள் நகரில் அலிம் லூயி பெனாபிட் என்னும் அறுவை மருத்துவர் கண்டார். நொடிக்கு நூற்றுக்கு மேற்பட்ட மின்துடிப்புகளை மூளையின் ஒரு சிறு நரம்பணுத் திரளுக்கு இடைவிடாது செலுத்தினால் நடுக்கம் அடங்குகிறது. உலகெங்கும் லட்சத்துக்கு மேற்பட்டோர் இதனால் பயனடைந்துள்ளனர். கேரளத்தில் திருவனந்தபுரத்து ஸ்ரீசித்திரைத் திருநாள் மருத்துவ அறிவியல் தொழில்நுட்பக் கழகத்திலும், கொச்சியில் அமிர்த மருத்துவ நிலையத்திலும் இம்மருத்துவம் நடைபெறுகிறது.

ஆனால் வழக்கமான கருவி கடிகார விளக்குப் போன்றது. நோயாளர் உறங்கினாலும் நடந்தாலும், மருந்து வேலை செய்யும் வேளையிலும் செய்யாத வேளையிலும், ஒரே அளவில் துடிப்பைச் செலுத்திக்கொண்டே இருக்கும். மூளையின் நிலையோ வேளைக்கு வேளை மாறுகிறது. மருந்தின் பலன் இறங்கி உடல் விறைக்கும்போது, நொடிக்கு 13 முதல் 30 வரை அதிரும் பீட்டா அலைகள் ஓங்குவதைப் பல நோயாளரிடம் கண்டுள்ளனர். எனில், அவ்வலையைக் கருவியே பார்த்து, ஓங்கும்போது தூண்டலைக் கூட்டி, தாழும்போது குறைத்தால் என்ன? காவலர் நடுவில் வந்து நிற்பதைப் போன்ற இம்முறையே தகவமைத் தூண்டல். இங்கிலாந்தின் ஆக்ஸ்ஃபோர்டு ஆய்வாளர்கள் 2013-ல் இதனை நோயாளரிடம் சோதித்து வெளியிட்டனர்.

காவலர்க்குக் கண் வேண்டும், கணக்கும் வேண்டும். மூளையலையைப் பதிவும் செய்து தூண்டலும் தரவல்ல ஆய்வுக்கருவி ஒன்றை மெட்ரானிக் நிறுவனம் அமைத்தது. அதனைப் பயன்படுத்திய அமெரிக்க ஆய்வுக்குழுக்கள் சில, அந்நாட்டு அரசின் மூளை ஆய்வுத் திட்ட நிதியுதவியுடன், ஓப்பன்மைண்டு என்ற பெயரில் ஒன்றுகூடின. கருவியோடு உரையாடும் மென்பொருள், வீட்டில் இருந்தபடியே பதிவு செய்யும் மென்பொருள், பதிவுகளை ஆராயும் மென்பொருள் ஆகியவற்றை எழுதிப் பொதுவில் வைத்தன. ஒவ்வொரு குழுவும் முதலிலிருந்து தொடங்க வேண்டிய தேவை நீங்கிற்று. சான் பிரான்சிஸ்கோ நகரத்துக் குழு 2024-ல் வெளியிட்ட ஆய்வில், நோயாளர் தம்மை மிகவும் வருத்துவது என்று தாமே குறிப்பிட்ட அறிகுறி நீடிக்கும் நேரம், தகவமைத் தூண்டலால் ஏறத்தாழப் பாதியாகக் குறைந்தது. அவ்வாய்வில் இருந்தவர் 4 பேரே என்பதையும் மறைக்கலாகாது. சிறு எண்ணிலிருந்து பெரு முடிவு செய்தல் தகாது. ஆயினும் பாதை திறந்தது. 2025 பிப்ரவரியில் பார்க்கின்சன் நோய்க்கான தகவமைத் தூண்டல் அமெரிக்க அரசின் ஒப்புதலைப் பெற்றது.

இங்கே மொழிபெயர்ப்பாளர் என்ற முறையில் நமக்குத் தோன்றும் ஒன்றைச் சொல்ல விரும்புகிறோம். 1963-ஆம் ஆண்டின் ஆட்சிமொழிச் சட்டப்படி, மைய அரசின் சிலவகை ஆவணங்கள் இந்தியிலும் ஆங்கிலத்திலும் ஒருங்கே வெளிவர வேண்டும். நம் மேசைக்கு மூலமும் வரும். மொழிபெயர்ப்பும் அதன் அருகிலேயே போகும். நாம் செய்யும் பிழையை மேலதிகாரியும் காணலாம். கடைநிலை எழுத்தரும் காணலாம். ஒரு சொல் மாறினால் ஓர் ஊழியரின் ஓய்வூதியம் மாறக்கூடும். ஆதலின் மூலத்தைப் பூட்டி வைத்து, மொழிபெயர்ப்பை மட்டும் நம்புங்கள் என்று எவரும் சொல்லத் துணியார்.

மூளையலையைப் படித்து, ‘இவர் நடக்க விரும்புகிறார்’, ‘இவர்க்கு இப்போது விறைப்பு’ என்று சொல்லும் மென்பொருளும் ஒரு மொழிபெயர்ப்பாளரே. அவர் பெயர்த்ததை உடனே செயலாகவும் ஆக்குகிறார். மின்துடிப்பு கூடுகிறது அல்லது குறைகிறது. தூண்டல் மிகுந்தால் சிலர்க்குப் பேச்சுக் குழறும். சிலர்க்கு மனநிலையும் மாறும். அத்தகைய மொழிபெயர்ப்பைச் சரிபார்க்க மூலநிரல் வேண்டும் என்பது மிகையான கோரிக்கையன்று. அண்ணாச்சி தராசு என்றார், நாம் மூலம் என்கிறோம், கருத்து ஒன்றே.

இதில் தமிழுக்கும் ஒரு பங்கு உண்டு. ஆங்கில எழுத்துக்கு அமைந்த 36 கட்டத்தை நேயர்கள் நினைவுகூர்க. தமிழில் எழுத்து 247. அவையனைத்தையும் ஒரே திரையில் வைக்க 16-க்கு 16 கட்டங்கள் வேண்டும். 6-க்கு 6 திரையில் ஒரு சுற்றுக்கு 12 முறை ஒளிர்ந்தால் போதும். இங்கோ 32 முறை ஒளிர வேண்டும். ஓர் எழுத்துக்கு இச்சுற்று பலமுறை திரும்ப வேண்டும். தளர்ந்த நோயாளர்க்கு அது தாங்கொணாத சுமை. ஆனால் நம் இலக்கணமே வழி காட்டுகிறது. உயிர் 12, மெய் 18, ஆய்தம் 1, ஆக 31. அவை 36 கட்டத்துக்குள் அடங்கி, இடைவெளி, அழித்தல் போன்றவற்றுக்கு 5 கட்டங்கள் மிஞ்சும். மெய்யையும் உயிரையும் அடுத்தடுத்துத் தேர்ந்தால், கணிப்பொறி உயிர்மெய்யைக் கூட்டித் தரும். இது நாம் போட்ட கணக்கே. நோயாளரிடம் சோதித்து, எழுத்தின் வேகத்தையும் பிழையையும் அளந்த பின்னரே இதன் தகுதி தெரியும். ஆயினும் மூலநிரல் திறந்திருந்தால், ஒரு தமிழ் மாணவர் எவரிடமும் அனுமதி வேண்டாமலேயே இதனைச் சோதித்துப் பார்க்கலாம். பூட்டியிருந்தால், தமிழர் சந்தை போதுமான அளவு பெரியதா என்று எங்கோ ஒரு நிறுவனம் எண்ணிப் பார்க்கும் வரை காத்திருக்க வேண்டும்.

இது வெறுங்கனவன்று. தேவநாகரி எழுத்துகளுக்கு இத்தகைய திரையை ராய்ப்பூரில் உள்ள தேசியத் தொழில்நுட்பக் கழகத்தார் அமைத்துச் சோதித்து, 2016-ல் ஆய்வுரைகள் வெளியிட்டனர். பெங்களூர் இந்திய அறிவியல் கழகத்தில், தமிழ் அச்செழுத்தைக் கணிப்பொறி படிக்கவும் தமிழுரையைக் குரலாக்கவும் வழிகண்ட பேராசிரியர் ஆ. க. இராமகிருஷ்ணனின் ஆய்வகம், வாய் திறவாமல் மனத்துக்குள் சொல்லும் சொற்களை மூளையலையிலிருந்து அறியும் ஆய்விலும் ஈடுபட்டுள்ளது. சென்னை ஐ.ஐ.டி.யின் சுதா கோபாலகிருஷ்ணன் மூளை மையம், கருவிலுள்ள மனித மூளையின் நுண்படத் தொகுப்பைத் தரணி என்ற பெயரில் 2024 டிசம்பரில் வெளியிட்டு, உலகத்தார் எவரும் விலையின்றிக் காணுமாறு திறந்து வைத்தது. கேரளத்தைப் பற்றியோ சொல்ல வேண்டுவதில்லை. 2001-ல் கட்டற்ற மென்பொருள் இயக்கத்தின் இந்தியக் கிளை திருவனந்தபுரத்தில்தான் தோன்றியது. இம்மாநிலத்து அரசுப் பள்ளிகளில் பயிலும் தமிழ்ப் பிள்ளைகளும் கட்டற்ற மென்பொருளிலேயே கணிப்பொறி கற்கின்றனர். அவர்களுள் ஒருவர் நாளை மேற்சொன்ன திரையை எழுதக்கூடும்.

திறந்த முறையின் அருமை, மூடிய கருவியொன்று கைவிடப்படும்போது தெளிவாகப் புலப்படும். அமெரிக்காவில் செகண்ட் சைட் என்ற நிறுவனம், பார்வையிழந்தோர் கண்ணின் உட்திரையில் பதிக்கும் மின்கருவியொன்றை விற்றது. உலகில் 350-க்கு மேற்பட்டோர் அதனைப் பொருத்திக்கொண்டனர். வணிகம் தளர்ந்தது; 2019-ல் அக்கருவியை நிறுத்தினர்; 2020-ல் பணியாளருள் பெரும்பாலோரை நீக்கினர். கண்ணுக்குள் கருவி இருக்க, அதனைப் பழுதுபார்ப்பாரும் புதுப்பிப்பாரும் இல்லாமல் நோயாளர் நின்றனர். அது கண்ணிற் பதித்த கருவியே, மூளையிற் பதித்ததன்று. ஆயினும் உடலுக்குள் மென்பொருளைச் சுமப்பார் அனைவர்க்கும் அச்செய்தி பொருந்தும். நிறுவனத்தின் ஆயுள் ஒன்று, நோயாளரின் ஆயுள் மற்றொன்று. முன்னது முடிந்தால் பின்னதற்கு யார் துணை?

இங்கே எச்சரிக்கையாகச் சில சொல்வதும் கடமை. முதலாவது, நாம் மேலே குறித்த திறந்த மென்பொருள்கள் ஆய்வுக்கானவை. நோயாளரின் மார்பில் பதித்த கருவிக்குள் ஓடும் நிரல் பெரும்பாலும் அதனைச் செய்த நிறுவனத்தின் தனியுடைமையாகவே இன்னும் இருக்கிறது. திறந்த மூலநிரல் வந்துவிட்டது என்று எண்ணிக் கருவியைத் தாமே திருத்த முயல்வது பேராபத்து. இரண்டாவது, மூலநிரல் திறந்திருப்பதனாலேயே அது பிழையற்றதாகிவிடாது; படிக்கும் கண்கள் வேண்டும்; சோதனை வேண்டும்; அரசின் ஒப்புதல் வேண்டும். மூன்றாவது, திறக்க வேண்டியது நிரலையே அன்றி நோயாளரை அன்று. கணக்கு முறை ஊரறிய இருக்கலாம். ஒருவர் மூளையலையின் பதிவு அவருடைய அந்தரங்கம். ஆய்வுக்கு அதனைத் தருவதாயின், எதற்கு, யாருக்கு, எத்தனை காலத்துக்கு என்று அறிந்து, தம் மொழியில் எழுதிய ஒப்புதலிலேயே கையெழுத்திட வேண்டும். மலையாளத்திலோ ஆங்கிலத்திலோ நீட்டிய தாளில், படித்தறிய இயலாமல் கைந்நாட்டு வைப்பது வெளிமாநிலத் தமிழர் பலர்க்கு நேரும் நிலை. ‘தமிழில் விளக்குங்கள்’ என்று கேட்பது உரிமை, கூச்சப்பட வேண்டுவதில்லை.

சென்ற மாதம் அண்ணாச்சி கடையை இளையவரிடம் ஒப்படைத்தார். முதுமையில் சொந்த ஊரில் இருக்க வேண்டும் என்பது அவர் ஆசை. பெட்டி கட்டும் வேளையில்தான் புதிய கவலை பிறந்தது. “இங்கே இருக்கிற டாக்டருக்குத்தான் என் கணக்குத் தெரியும். ஊருக்குப் போனால் யாரிடம் போய்க் காட்டுவேன், தம்பி?” என்றார். இந்த வினாவை அண்ணாச்சி ஒருவர் மட்டும் கேட்கவில்லை. பிழைக்க ஓரூர், ஓய்வுக்கு மற்றோரூர் என்று வாழும் நம் அனைவர்க்கும் உரியது அது. ஓரூரில் எழுதிய கணக்கை மற்றோரூரில் படிக்க முடியவேண்டும். திறந்த முறைகளும் பொதுவான பதிவு வடிவங்களும் வேண்டும் என்று ஆய்வாளர் வற்புறுத்துவதன் பயன், நடைமுறையில் இதுவே.

அவருக்காக ஒரு தாளில் சில கேள்விகளைத் தமிழிலும் மலையாளத்திலும் எழுதிக் கொடுத்தோம். அவை பிறர்க்கும் பயன்படலாம். கருவியின் பெயரும் வகை எண்ணும் என்ன? இப்போது வைத்துள்ள அளவுகளை அச்சிட்டுத் தருவீர்களா? மின்கலம் எந்த ஆண்டு வரை வரும், மாற்றும்போது செலவு எவ்வளவு? சொந்த ஊருக்கு அருகில் இக்கருவியைச் சரிசெய்ய வல்லவர் யார்? எம்.ஆர்.ஐ. எடுக்க நேர்ந்தால் முன்கூட்டிச் செய்ய வேண்டியது என்ன? கருவி எதைப் பதிவு செய்து வைத்திருக்கிறது, அதைப் பார்ப்பவர் யார்? நிறுவனம் இக்கருவியை நிறுத்தினால் ஏற்பாடு என்ன?

அண்ணாச்சி அத்தாளோடு மருத்துவரிடம் சென்றார். மருத்துவர் பொறுமையாகப் படித்தார். அளவுகளை அச்சிட்டு, கருவியின் விவரமும் குறித்து, கையெழுத்திட்டுத் தந்தார். நெல்லைப் பக்கத்தில் யாரை அணுகலாம் என்றும் சொன்னார். கடைசிக் கேள்விக்கு மட்டும், “இதற்கு என்னிடம் விடை இல்லை. ஆனால் கேட்க வேண்டிய கேள்வி இது” என்றாராம்.

அக்கேள்விக்கு விடை தேடும் பொறுப்பு, நிரல் எழுதுவோர்க்கும் அரசுகட்கும் மட்டும் உரியதன்று. கருவியைச் சுமப்போரும் அவர்தம் சுற்றத்தாரும் கேட்டுக்கொண்டே இருக்க வேண்டும். சென்ற வெள்ளியன்று இரவு வைட்டிலாவில் அண்ணாச்சியைப் பேருந்தில் ஏற்றிவிட்டோம். மருத்துவர் தந்த தாளை மடித்து, குடும்ப அட்டையும் நிலப்பத்திரமும் இருந்த உறைக்குள்ளேயே அவர் வைத்திருந்தார். பேருந்து நகர்ந்தபோது சன்னல் வழியே கையை அசைத்தார். அந்தக் கை நடுங்கவில்லை.